வாங்குபவர் ஒருவர், பயிர் இரண்டு: பஞ்சாப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள

பஞ்சாபில் வீட்டுச் சாப்பாடு என்றால் கோதுமை ரொட்டிதான். சோறு எப்போதாவது, ராஜ்மாவோடு. ஆண்டு மழையும் சராசரியாக 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான், தமிழ்நாட்டில் பெய்வதைவிடக் குறைவு. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஜூன் மாதம் பிறந்தால் 30 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் நெல் நடவு நடக்கிறது. 1960-61இல் அங்கே நெல் விளைந்த பரப்பு ஏறக்குறைய 2.3 லட்சம் ஹெக்டேர் மட்டுமே. தங்கள் தட்டில் அதிகம் விழாத ஒரு பயிரை, மழை போதாத நிலத்தில், இத்தனை பரப்பில் ஏன் போடுகிறார்கள்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பஞ்சாபின் பொருளாதாரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விவசாயத்தை நம்பியிருக்கும் ஒரு மாநிலம் எப்படிப் பணக்கார மாநிலமாகிறது, பிறகு ஏன் அதே இடத்தில் நின்றுபோகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது.

முதலில் 'விவசாய மாநிலம்' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு மாநிலத்தில் ஓராண்டில் உருவாகும் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பை மாநில உள்நாட்டு உற்பத்தி என்கிறோம். பஞ்சாபில் அது 2024-25இல் 8 லட்சம் கோடி ரூபாயை ஒட்டி இருந்தது. அதில் விவசாயமும் கால்நடையும் சேர்ந்து கால் பங்குக்குச் சற்று மேல். நாடு முழுவதற்கும் எடுத்தால் இந்தப் பங்கு 18 சதவீதம் அளவுதான். வேலை செய்பவர்களை எண்ணினால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 36 பேர் விவசாயிகளாகவோ விவசாயக் கூலிகளாகவோ இருந்தார்கள். நிலத்தை அளந்தால் படம் இன்னும் தெளிவு. மாநிலத்தின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் உழப்படும் நிலம். கிட்டத்தட்ட அத்தனைக்கும் பாசனம் உண்டு, பெரும்பாலான வயல்களில் ஆண்டுக்கு இரண்டு போகம்.

கால் பங்குதானே, மீதி முக்கால் பங்கு தொழிலும் சேவையும்தானே என்று தோன்றும். அந்த முக்கால் பங்கிலும் விவசாயம் ஒளிந்திருக்கிறது. நெல்லை அரைக்கும் அரிசி ஆலைகள் மட்டும் 5,000க்கு மேல். மூட்டை ஏற்றும் லாரி, டிராக்டர் விற்கும் ஷோரூம், உரக்கடை, கிடங்கு, அறுவடைக்குப் பிறகு களைகட்டும் துணிக்கடையும் நகைக்கடையும், எல்லாமே மண்டியில் விழும் பணத்தை எதிர்பார்த்திருப்பவை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

கதை 1960களில் தொடங்குகிறது. நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நின்ற காலம். அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் கோவை மாவட்டத்துக்காரரான சி. சுப்பிரமணியம். விஞ்ஞானிகள் பக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன். அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைரகக் கோதுமை விதை 18,000 டன் 1966இல் இறக்குமதியானது. பசுமைப் புரட்சி என்றதும் இந்த விதைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். என் பார்வையில் விதையைவிடப் பெரிய மாற்றம் 1965இல் நடந்தது. அந்த ஆண்டில்தான் விளைபொருளுக்கு விலையைப் பரிந்துரைக்க ஓர் ஆணையமும், அந்த விலைக்கு வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகமும் அமைந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது நம் தஞ்சாவூரில். அதன் முழு வீச்சை அனுபவித்தது பஞ்சாப்.

நல்ல விதை எங்கும் முளைக்கும். விளைந்ததை இன்ன விலைக்குக் கட்டாயம் எடுத்துக்கொள்வேன் என்று ஒருவர் நிற்பது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. மத்திய அரசு 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. அறிவிப்பது வேறு, வாங்குவது வேறு. பஞ்சாபில் பெருமளவில் உண்மையாகவே வாங்கப்படுபவை நெல்லும் கோதுமையும்தான். நாடு முழுவதும் 6 சதவீத விவசாயிகள் மட்டுமே ஆதரவு விலையில் அரசுக்கு விற்கிறார்கள் என்று, உணவுக் கழகத்தைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த சாந்த குமார் குழு 2015இல் சொன்னது. பஞ்சாபிலோ சந்தைக்கு வரும், பாஸ்மதி அல்லாத சாதா நெல் அநேகமாக முழுவதும் அரசுக் கொள்முதலுக்கே போகிறது. வழக்கமான ஓராண்டில் நெல் 170 முதல் 185 லட்சம் டன், கோதுமை 120 லட்சம் டன் அளவு. 2025-26 ஆதரவு விலையில் பெருக்கிப் பார்த்தால் இரண்டு பருவத்துக்கும் சேர்த்து 70,000 கோடி ரூபாயை ஒட்டி வருகிறது. மாநிலத்துக்கு வெளியிலிருந்து ஆண்டுதோறும் தவறாமல் வந்து கிராமம் கிராமமாகப் பரவும் பணம் அது.

மண்டியில் என்ன நடக்கிறது

அக்டோபரில் நெல் அறுவடை முடிந்ததும் டிராக்டர் டிரெய்லர்கள் மண்டியை நோக்கி வரிசை கட்டும். லூதியானாவுக்கு அருகிலுள்ள கன்னா மண்டி ஆசியாவிலேயே பெரிய தானியச் சந்தை என்று பெயர் பெற்றது. சிமெண்டுத் தளத்தில் நெல்லைக் கொட்டி அம்பாரமாகக் குவிப்பார்கள். அரசு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒரு கைப்பிடி எடுத்து ஈரப்பதக் கருவியில் போடுவார். 17 சதவீதத்துக்குள் இருந்தால் ஏலம் கூறப்பட்டு எடைக்குப் போகும். மிஞ்சினால் காயவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். நம்மூர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் டெல்டா விவசாயிக்கும் இந்த 17 சதவீதம் நன்றாகத் தெரிந்த எண். சுத்தம் செய்து, 37.5 கிலோ சாக்குகளில் நிரப்பி, தைத்து, அடுக்கியபின் விவசாயி கையில் 'ஜே' படிவம் என்ற விற்பனைச் சீட்டு வரும். மூட்டைகள் அங்கிருந்து ஆலைக்குப் போகும். 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது ஆலைக்காரருக்கான கணக்கு. அந்த அரிசி சரக்கு ரயில் ஏறி, நெல் விளையாத மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கும் போதாத மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்கும் போகிறது.

விவசாயிக்கும் அரசுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார், ஆர்த்தியா. நம் ஊரின் கமிஷன் மண்டிக்காரர் போன்றவர், அவரைவிட அதிகாரம் கூடியவர். நெல்லை இறக்கி, ஆள் வைத்துச் சலித்து, மூட்டை போட்டு அரசுக்குக் கொடுப்பது அவர் வேலை. அதற்கு 2.5 சதவீதக் கமிஷன் வாங்கிவந்தார். பிறகு அது குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 46 ரூபாய் அளவில் நிறுத்தப்பட்டது. அவருடைய உண்மையான பலம் கடனில் இருக்கிறது. விதைக்கு, டீசலுக்கு, மகள் கல்யாணத்துக்கு, நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு, எழுத்துவேலை இல்லாமல் பணம் தருபவர் அவர். வட்டி வங்கியைவிட அதிகம். 2021 கோதுமைப் பருவத்திலிருந்து கொள்முதல் பணம் நேரே விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஆர்த்தியாவின் பிடி தளரும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். பணம் கணக்கில் ஏறியதும் பழைய பாக்கியைக் கொண்டுபோய்க் கட்ட வேண்டியிருப்பதால் உறவு அறுந்துவிடவில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2025-26 பருவத்தில் முதல்தர நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். ஏக்கருக்கு 28 குவிண்டால் விளைந்தால் 66,892 ரூபாய். மக்காச்சோளத்துக்கும் ஆதரவு விலை கிட்டத்தட்ட அதே 2,400 ரூபாய்தான். ஆனால் விளைச்சல் 17 குவிண்டால் என்று வைத்தால் 40,800 ரூபாய் வருகிறது. அதுவும் அந்த விலைக்கு யாராவது வாங்கினால். தனியார் வியாபாரி கேட்கும் விலை பெரும்பாலும் அதற்குக் கீழே. நெல்லுக்கு ஆகும் செலவு அதிகம் என்பது உண்மை. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் விவசாயி காசு தரவேண்டியதில்லை என்பதால் அந்தச் செலவு அவர் நோட்டில் ஏறுவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் நிலை இன்னும் இறுக்கம். ஏக்கருக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் குத்தகை போகும் ஊர்கள் ஏராளம். அவ்வளவு பணத்தை முன்கூட்டியே எண்ணிக் கொடுத்தவர், விலை உறுதியில்லாத பயிரைப் போட்டுப் பார்க்கத் துணிவாரா? தண்ணீரைப் பற்றிக் கவலையில்லாத ஆசாமிகள் என்று பஞ்சாப் விவசாயிகளைப் பழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

நிலத்தடியில் எழுதிய கடன்

ஆண்டுதோறும் மழையாலும் கால்வாய்க் கசிவாலும் நிலத்தடியில் ஊறும் நீரில் எடுக்கத்தக்க அளவை 100 என்று வைத்தால், பஞ்சாப் 150க்கு மேல் இறைக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகளில் நாட்டிலேயே மிக மோசமான நிலை இது. ஒரு கிலோ அரிசி விளைய பஞ்சாபில் 5,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது, மேற்கு வங்கத்தில் அதில் பாதி போதும் என்று, ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையமே கணக்குச் சொல்லியிருக்கிறது. பக்ரா அணையும் கால்வாய்களும் இருந்தும் பாசனத்தின் பெரும்பகுதி ஆழ்துளைக் கிணறுகளில்தான் நடக்கிறது. விவசாய மின் இணைப்புகள் 14 லட்சத்தை ஒட்டி. அத்தனைக்கும் மின்சாரம் இலவசம். 1997இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் உண்டு, இடையில் சில காலம் தவிர.

இலவச மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. அது ஏழை விவசாயிக்குச் செய்யும் உதவி என்பதை நானும் ஏற்கிறேன். பஞ்சாபில் அது வேறு விதமாகவும் வேலை செய்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்க, பழைய மோட்டார் எட்டாமல் போய் நீர்மூழ்கி மோட்டார் தேவைப்படுகிறது. அதற்கும் ஆழப்படுத்துவதற்கும் லட்சக்கணக்கில் செலவு. மின்சாரம் எல்லோருக்கும் இலவசம், ஆழ்துளைக் கிணறு போடும் பணமோ அவரவர் பொறுப்பு. பத்து ஏக்கர்காரர் சமாளித்துவிடுகிறார். இரண்டு ஏக்கர்காரர் ஆர்த்தியாவிடம் போகிறார்.

தண்ணீரைக் காக்க 2009இல் மாநில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜூன் 10க்கு முன் நடவு செய்யக் கூடாது என்றது. கொதிக்கும் மே மாதத்தில் நட்டால் தண்ணீர் ஆவியாகப் போய்விடும், பருவமழையை ஒட்டி நட்டால் மிச்சமாகும் என்பது நியாயமான எண்ணம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. கோதுமையை நவம்பர் பாதிக்குள் விதைத்தாக வேண்டும். நடுவில் கிடைக்கும் அவகாசம் மூன்று வாரத்துக்கும் குறைவு. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளையும் வைக்கோலையும் அதற்குள் அப்புறப்படுத்தக் கையிலிருக்கும் மலிவான வழி தீக்குச்சி. தாள் எரிப்பு அதற்கு முன்பும் இருந்தது. சட்டத்துக்குப் பின் அது குளிர் தொடங்கும், காற்று அசையாமல் நிற்கும் வாரங்களுக்கு நகர்ந்து, டெல்லியின் புகைமூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் காற்றில் போய் முடிந்த இந்தக் கதையை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாமல் தவித்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை.

குறுகிய கால ரகங்கள் இதற்கு ஒரு வழி. 160 நாள் நின்று தண்ணீர் குடிக்கும் பூசா-44 ரகத்துக்கு 2024 பருவத்திலிருந்து மாநிலம் தடை விதித்தது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.-126 ஒரு மாதத்துக்கும் மேல் முன்னதாகவே அறுவடைக்கு வந்துவிடும். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்ததைக் கவனியுங்கள். இந்த நெல்லையும் கலப்பின ரகங்களையும் அரைத்தால் 67 கிலோ தேறாது என்று ஆலைக்காரர்கள் பின்வாங்கினார்கள். கிடங்குகளில் பழைய அரிசி நகராமல் கிடந்தது. மண்டிகளில் நெல் தேங்கி, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். ரகத்தை மாற்றினால் ஆலை, கிடங்கு, ரயில் என்று அதன் பின்னாலுள்ள அத்தனையும் மாறியாக வேண்டும்.

விளையும் மாநிலத்தில் கஜானா ஏன் காலி?

விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. ஜிஎஸ்டி என்பது பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்குப் போகும் வரி. தானியத்தை விளைவித்து வெளியே அனுப்பும் மாநிலத்துக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. 2017க்கு முன் தானியத்தின் மீது பஞ்சாப் வாங்கிவந்த கொள்முதல் வரியும் ஜிஎஸ்டியில் கரைந்துவிட்டது. மிச்சமிருந்தவை மண்டிக் கட்டணம் 3 சதவீதம், ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம். இரண்டாவது கட்டணத்தை மத்திய அரசு தர மறுத்ததில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் நிலுவையாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மறுபக்கம் விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் தொழிலுக்கும் தரும் மின் மானியம் சேர்த்து ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மாநிலத்தின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 45 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பள்ளிக்கும் ஆராய்ச்சிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணத்தை வட்டி விழுங்குகிறது.

விவசாயக் குடும்பங்களைப் பார்த்தால் பஞ்சாப் இன்னும் வசதியான மாநிலம்தான். 2018-19இல் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 26,701 ரூபாய், நாட்டின் சராசரி 10,218. அதே கணக்கெடுப்பில் குடும்பத்தின் சராசரிக் கடன் 2,03,249 ரூபாய், நாட்டின் சராசரி 74,121. வருமானமும் கடனும் இரண்டரை மடங்குக்கு மேல்.

இந்தச் சராசரிக்குள் வராதவர்களைப் பற்றிப் பேசாமல் பஞ்சாபைப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாநில மக்களில் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர், எந்த மாநிலத்திலும் இல்லாத பங்கு. விவசாய நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது 3.5 சதவீதம் அளவுதான். ஆதரவு விலை நிலம் வைத்திருப்பவருக்கு வருகிறது. கூலி வேலை செய்பவருக்கு அறுவடை இயந்திரம் வந்த பிறகு கோதுமையில் வேலை நாளே சுருங்கிவிட்டது. நடவுக்குப் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி ஆட்கள் வருகிறார்கள். ஊர்ப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளுக்குக் குத்தகைக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பங்கைப் பெறுவதற்கே சங்ரூர் பக்கத்து ஊர்களில் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது.

தொழிலே இல்லாத மாநிலம் அல்ல இது. லூதியானாவின் சைக்கிளும் கம்பளி உடையும், ஜலந்தரின் கிரிக்கெட் மட்டை, கால்பந்து, மண்டி கோபிந்த்கட்டின் இரும்பு ஆலைகள், மொகாலியின் டிராக்டர் எல்லாம் பெயர் பெற்றவை. துறைமுகம் வெகுதூரம், எல்லை பக்கத்தில், 1980களின் வன்முறை, பிறகு இமாச்சலுக்குக் கிடைத்த வரிச்சலுகை என்று பல காரணங்களால் பெரிய முதலீடு வராமல் போனது. ஹரியானாவும் இதே நெல்லும் கோதுமையும்தான் விளைவிக்கிறது. அதற்கு டெல்லியை ஒட்டிய குருகிராம் கிடைத்தது. 1970களில் தனிநபர் வருமானத்தில் நாட்டின் முன்வரிசையில் நின்ற பஞ்சாபை இன்று ஹரியானாவும் தமிழ்நாடும் வெகுதூரம் தாண்டிவிட்டன. படித்த பிள்ளைகள் ஆங்கிலத் தேர்வு எழுதிக் கனடாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அந்தச் செலவுக்காக விற்கப்படுவதும் அடகு வைக்கப்படுவதும் பெரும்பாலும் நிலம்.

நெல்லைக் குறைக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் அல்ல. பொருளாதார அறிஞர் சர்தாரா சிங் ஜோல் தலைமையிலான குழு, நெல்-கோதுமைப் பரப்பில் 20 சதவீதத்தை வேறு பயிர்களுக்கு மாற்றச் சொன்னது 1986இல். அதன்பின் நெல் பரப்பு கூடிக்கொண்டேதான் போனது. 2022இல் பாசிப்பயறை ஆதரவு விலைக்கு வாங்குவதாக மாநில அரசு சொன்னதும் விவசாயிகள் நம்பி விதைத்தார்கள், பரப்பு வேகமாகக் கூடியது. அரசு வாங்கியதோ சந்தைக்கு வந்ததில் சிறு பங்கு. மீதி அதற்குக் குறைவான விலையில் தனியாரிடம் போனது. 2025இல் சில மாவட்டங்களில், நெல்லுக்குப் பதில் மக்காச்சோளம் போட்டால் ஹெக்டேருக்கு 17,500 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. ஏக்கருக்கு 7,000 ரூபாய். மேலே போட்ட கணக்கில் இரண்டு பயிருக்கும் இடையே 26,000 ரூபாய் வித்தியாசம் இருந்தது. நெல்லுக்கு ஆகும் கூடுதல் செலவைக் கழித்தாலும் அந்தப் பள்ளத்தை 7,000 ரூபாய் நிரப்புவது கடினம். தெற்குப் பஞ்சாபின் மால்வா பகுதியில் பருத்தி ஒரு காலத்தில் நல்ல மாற்றாக இருந்தது. 2015இல் வெள்ளை ஈ, 2021க்குப் பின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. அந்த வயல்கள் பலவற்றிலும் இப்போது நெல் நிற்கிறது.

பாலும் பாஸ்மதியும் நம்பிக்கை தரும் விதிவிலக்குகள். தனிநபருக்குக் கிடைக்கும் பால் அளவில் பஞ்சாப் நாட்டின் முதல் வரிசை, நாளொன்றுக்கு 1,200 கிராமுக்கு மேல். அதற்கு வெர்கா என்ற கூட்டுறவு அமைப்பு ஊர் ஊராக அன்றாடம் பால் எடுப்பது முக்கியக் காரணம். அமிர்தசரஸ் பக்கம் விளையும் பாஸ்மதிக்கு ஆதரவு விலை இல்லை, ஏற்றுமதிச் சந்தை இருக்கிறது. இரண்டிலும் விளைந்ததை எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்.

இதை வைத்துப் பார்த்தால் 2020 நவம்பரில் டெல்லி எல்லையில் டிராக்டர்களோடு உட்கார்ந்தவர்களின் அச்சம் புரியும். மூன்று வேளாண் சட்டங்கள் மண்டிக்கு வெளியே தனியார் தடையின்றி வாங்க வழிவிட்டன. மண்டி மெல்லத் தேய்ந்தால் உறுதியான கொள்முதலும் தேய்ந்துவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். ஓராண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 நவம்பர் 19 அன்று சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 2024 பிப்ரவரியில் மறுபடியும் போராட்டம் கிளம்பியபோது, துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றை ஐந்தாண்டுகளுக்கு ஆதரவு விலையில் வாங்க ஒப்பந்தம் போடலாம் என்று மத்திய அமைச்சர்கள் சண்டிகரில் முன்மொழிந்தார்கள். எல்லாப் பயிருக்கும் சட்டப்படியான உத்தரவாதம் வேண்டும் என்று கேட்டவர்கள் அதை ஏற்கவில்லை. ஐந்தாண்டு முடிந்தபின் யார் வாங்குவார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை. நான்கு மாதம் கழித்து ஜூனில் நடவு தொடங்கியது. அந்தப் பருவத்தில் நெல் பரப்பு 32 லட்சம் ஹெக்டேர்.